வாசகர் கேள்விகள்: நிலக்கரித் துரப்பணத்தின் கழற்றி மாட்டும் முனை

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிமருந்து வைப்பதற்கான துளைகளை இட, கையால் பிடித்து இயக்கும் மின்துரப்பணத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதன் சுருள்தண்டின் நுனியில் கழற்றி மாட்டும் வெட்டுமுனை ஒன்று இருப்பதையும், அதைச் சுரங்கத்தார் ‘பிட்’ என்று அழைப்பதையும் குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த முனையைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

தண்டையும் முனையையும் ஒரே இரும்பாகச் செய்தால் இன்னும் உறுதியாக இருக்காதா? எதற்காகத் தனித்தனியாகச் செய்து மாட்டுகிறார்கள்?
— பாலிடெக்னிக் மாணவர், திருச்சிராப்பள்ளி

ஒரே இரும்பாகச் செய்த காலம் ஒன்று இருந்தது. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா சுரங்கங்களில் தொழிலாளர்கள் மார்புத் தகட்டின்மேல் உடலைச் சாய்த்து அழுத்தியபடி கைப்பிடியைச் சுழற்றித் துளையிட்ட பழைய திருகுத்துரப்பணத்தில், வெட்டும் நுனி அந்தத் தண்டிலேயே அடித்து உருவாக்கப்பட்டிருந்தது. நுனி மழுங்கினால் ஆள் உயரத் தண்டு முழுவதையும் கொல்லர் பட்டறைக்குத் தூக்கிச் சென்று, உலையில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்துக் கடினமாக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கொல்லர் கூலி பல சுரங்கங்களில் தொழிலாளியின் ஊதியத்திலிருந்தே பிடிக்கப்பட்டது; வெடிமருந்தும் விளக்குக்கான எண்ணெயும்கூட அவர் கணக்கில்தான். வெட்டிய கரியின் எடைக்குக் கூலி வாங்கியவருக்கு, மழுங்கிய நுனி என்பது நேரடியாக வருமான இழப்பு.

இதைவிட ஆழமான காரணம் உலோகத்தில் இருக்கிறது. முனைக்கு வேண்டியது கடினம். தண்டுக்கு வேண்டியது முறுக்கைத் தாங்கும் நெகிழ்வு. கடினத்தைக் கூட்டக் கூட்ட உலோகம் நொறுங்கும் தன்மையை அடைகிறது என்பதால், இரண்டையும் ஒரே எஃகில் எதிர்பார்த்தால் இரண்டிலும் குறைபாடுதான் மிஞ்சும். முனையைத் தனியாக்கிய பிறகே ஒவ்வொன்றின் பணிக்கும் ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

முனைக்கு வாய்த்த பொருள் டங்ஸ்டன் கார்பைடு. பெர்லினில் ஆஸ்ராம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்ரோட்டர், 1923ஆம் ஆண்டில் டங்ஸ்டன் கார்பைடுத் தூளுடன் கோபால்ட்டைச் சேர்த்து அழுத்தி, உயர்வெப்பத்தில் இறுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுத்து மெல்லியதாக்கும் அச்சுகளுக்கு அதுவரை விலையுயர்ந்த வைரம் தேவைப்பட்டது. அதற்கு மாற்றுத் தேடியதில் கிடைத்த பொருள் இது. ஜெர்மனியின் க்ரூப் (Krupp) எஃகு நிறுவனம் 1926இல் இதை ‘விடியா’ என்ற வணிகப் பெயரில் விற்கத் தொடங்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் கார்பைடு என்பதைவிட விடியா என்பதே வழக்கு. அமெரிக்காவின் நிலக்கரிப் பகுதியான லட்ரோப் நகரில் 1938இல் தொடங்கப்பட்ட கென்னாமெட்டல் போன்ற நிறுவனங்கள் பின்னர் இதைச் சுரங்க முனைகளுக்குக் கொண்டுவந்தன. விலைமிக்க கார்பைடு, முனையின் வெட்டும் ஓரத்தில் ஒரு சிறு துண்டாக மட்டுமே இருக்கிறது; அதைத் தாங்கும் எஃகு உடல் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு தொழிலாளி ஒரு பணிநேரத்துக்குத் தேவையான முனைகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். தண்டு சுரங்கத்துக்குள்ளேயே இருக்கும்.

எங்கள் சுரங்கத்தில் முனையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசி அடிக்கடி அறுந்து, முனை துளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஊசியைத் தடிமனாக்கினால் சரியாகுமா?
— பயிற்சித் தொழிலாளர், ராமகுண்டம்

ஆகாது, தொல்லை கூடும். ஊசி முனையைச் சுழற்றுவதற்காக வைக்கப்பட்டதல்ல. தண்டைத் துளையிலிருந்து வெளியே இழுக்கும்போது முனை கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. சுழற்றும் விசை முழுவதையும், முனையின் சதுர அடிப்பகுதியும் அது நுழையும் தண்டுக் குழியின் தட்டையான பக்கங்களும் ஏற்க வேண்டும். அழுத்தும் விசையை முனையின் தோள்பகுதி தண்டின் விளிம்பில் நன்றாக அமர்ந்து ஏற்க வேண்டும். இந்த இரண்டில் ஏதேனும் ஒன்று தவறினாலும் பாரம் ஊசியின் மேல் விழுகிறது.

எனவே ஊசியை விட்டுவிட்டுக் குழியைப் பாருங்கள். புதிய முனை ஒன்றைப் பழைய தண்டில் செருகி, ஊசி போடாமல், கையால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். அதே முனையைப் புதிய தண்டிலும் செருகிப் பாருங்கள். பழைய தண்டில் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தால், குழியின் மூலைகள் உருண்டுவிட்டன என்று பொருள். பக்கங்கள் முட்டுவதற்கு முன்பே ஊசி முட்டி வெட்டுப்படுகிறது. அப்போது மாற்ற வேண்டியது தண்டின் நுனியை. ஊசியைத் தடிமனாக்கினால் அதற்கான துளையையும் பெரிதாக்க வேண்டும். அது முனையின் அடிப்பகுதியையே பலவீனமாக்கிவிடும்.

இரண்டாவது காரணம் சிறியது போலத் தோன்றும், ஆனால் நடைமுறையில் மிகுதியாகக் காணப்படுவது. குழிக்குள் ஈரக் கரித்தூள் கெட்டிப்பட்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதிய முனையைச் செருகினால், தோள் தண்டில் அமராமல் ஒரு நூல் இடைவெளி நின்றுவிடும். ஊசித் துளைகள் நேருக்கு நேர் வராதபோது சுத்தியால் தட்டி ஊசியை ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த ஊசி அன்றைக்கே அறும். ஒரு கம்பியால் குழியைச் சுத்தம் செய்ய அரை நிமிடம் போதும். சில வகைகளில் சதுர அடிப்பகுதிக்குப் பதிலாகத் திருகுமரை இருக்கிறது. சுழலும் திசையிலேயே இறுகும் என்பது அதன் நன்மை, இறுகியதைக் கழற்ற முடியாமல் போவது அதன் தீமை. கழற்றுவதற்காகக் கார்பைடு ஓரத்தில் சுத்தியால் அடிக்கவே கூடாது.

துளைக்குள் தங்கிய முனையை மீட்பதற்காக, வெடித்து முடிந்த பழைய துளையின் அடியில் மீண்டும் துளையிடும் எண்ணம் ஒருபோதும் வேண்டாம். அங்கே வெடிக்காத மருந்து எஞ்சியிருக்கக்கூடும். வெடிக்காமல் போன துளைக்கு மாற்றாகப் போடும் துளைகூட, அதிலிருந்து எந்த இடத்திலும் 0.3 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

முனையில் இரண்டு பற்கள் மட்டும் இருக்கின்றன, நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். நடுவில் உள்ள கரியை எது வெட்டுகிறது?
— ஆசிரியை, விருதுநகர்

எதுவும் வெட்டுவதில்லை, வெட்ட வேண்டிய தேவையும் இல்லை. சுழலும் முனையின் வெளியோரம் வேகமாகவும், மையத்தை நெருங்க நெருங்க மெதுவாகவும் நகர்கிறது; சரியாக மையத்தில் வேகம் சுழியம். அங்கே ஒரு வெட்டுவாயை வைத்தால் அது கரியை வெட்டாமல் வெறுமனே அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கும். தொழிலாளி கொடுக்கும் உந்துவிசை அங்கே வீணாகும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து நீட்டினாற்போல் இரு பற்களை மட்டும் அமைத்தால், நடுவில் விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு கரித்தூண் மிஞ்சும். சுற்றிலும் தாங்குதல் இல்லாத அந்தத் தூண், பற்களின் உட்பக்கச் சரிவில் முட்டித் தானாகவே உடைந்து, சில்லுகளோடு சேர்ந்து சுருளில் ஏறி வெளியே வந்துவிடுகிறது. நிலக்கரி எளிதில் பிளவுபடும் பொருள் என்பதால் இந்த ஏற்பாடு கைகொடுக்கிறது.

பற்களின் வெளியோரம் தண்டின் சுருளைவிடச் சற்று அகலமாக இருப்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். சுருள் துளையின் சுவரில் உரசாமல் இருப்பதற்காகவே அப்படி. அந்த வெளியோரம் தேயும்போது துளை குறுகுகிறது. ஒரே துளையின் வாய் அகலமாகவும் அடி ஒடுங்கியும் போவதும் உண்டு. 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெடிமருந்துத் தோட்டா அப்படிப்பட்ட துளையில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய தோட்டாவை வலிந்து குத்தித் தள்ளுவது எவ்வளவு அபாயகரமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முனை கூராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் அகலத்தையும் ஓர் அளவு வளையத்தில் நுழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மழுங்கிய கார்பைடு முனையைச் சாணை பிடிக்கலாமா? நாங்கள் பிடித்த சில முனைகளில் கார்பைடுத் துண்டு விரிசல் விட்டுவிட்டது.
— பட்டறைப் பணியாளர், மந்தமர்ரி

தாராளமாகப் பிடிக்கலாம், சக்கரம் சரியானதாக இருந்தால். எஃகைத் தேய்க்கும் சாதாரணச் சாம்பல்நிறச் சக்கரம் கார்பைடை வெட்டாது, சூடேற்ற மட்டுமே செய்யும். பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடு சக்கரம் அல்லது வைரச் சக்கரம் வேண்டும். விரிசலுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும்: ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துச் சூடேற்றியிருப்பீர்கள், அல்லது சூடான முனையைத் தண்ணீரில் தோய்த்திருப்பீர்கள். கொல்லர் பட்டறையில் எஃகுக்கு நன்மை செய்த அந்தத் தோய்ச்சல் கார்பைடைக் கொன்றுவிடும். மெல்ல அசைத்தபடி, இலேசாகத் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். பிறகு காற்றிலேயே ஆறவிடுங்கள்.

கார்பைடு சூட்டில் விரிவடையும் அளவு எஃகில் ஏறத்தாழப் பாதிதான். இரண்டையும் வெள்ளி கலந்த பற்றாசால் பிரேசிங் செய்து இணைத்திருக்கிறார்கள் என்பதால், ஆறும்போது எஃகு கூடுதலாகச் சுருங்கி, கார்பைடுத் துண்டை எப்போதும் ஓரளவு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் திடீர்க் குளிர்ச்சியும் சேர்ந்தால் துண்டு தாங்காது. பின்பக்கச் சரிவின் கோணத்தைத் தொழிற்சாலையில் கொடுத்தபடியே காப்பாற்றுங்கள். அது தட்டையாகிவிட்டால் பல் கரியைக் கடிக்காமல் வழுக்கும்.

என் தந்தை கரிச்சுரங்கத்தில் பல ஆண்டுகள் துரப்பணம் பிடித்தவர்; இப்போது மூச்சு வாங்குகிறது. மழுங்கிய முனையால் தூசி கூடும் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா?
— வாசகி, கொத்தகூடம்

உண்மை. கூரான முனை ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாகக் கடித்துக் கரியைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது. மழுங்கிய முனை அதே கரியை அரைத்து மாவாக்குகிறது. சில்லு கீழே விழுந்துவிடும். மாவு காற்றில் மிதக்கும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லக்கூடியது கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூசிதான். போதிய உந்துவிசை இல்லாமல் துளையிட்டாலும் இதே விளைவுதான். முனை மழுங்க மழுங்கத் தேவையான உந்துவிசை கூடிக்கொண்டே போவதால், களைத்துப்போன மனிதரிடம் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. கரிமடிப்பின் மேலே உள்ள மணற்கல்லில், கூரை சரியாமல் தாங்கும் ஆணிகளுக்காகத் துளையிடுபவர்களின் நிலை இன்னும் கடுமையானது. மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் (படிகச் சிலிக்கா) தூசி நிலக்கரித் தூசியைவிடப் பன்மடங்கு தீங்கானது. அதனால்தான் காற்றிலுள்ள தூசியின் அனுமதி அளவு, அதில் உள்ள சிலிக்காவின் விழுக்காடு கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும்படி விதிக்கப்பட்டிருக்கிறது. துளைத்தண்டின் வழியே நீர் செலுத்தித் துளையிடுவது தூசியை அதன் பிறப்பிடத்திலேயே அடக்கும்.

மழுங்கிய முனைக்கு இன்னொரு கொடிய பக்கமும் உண்டு. குவார்ட்ஸ் மிகுந்த பாறையிலோ பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமக் கட்டியிலோ தேய்ந்த முனை உரசும்போது, அதன் பின்னால் பாறையில் ஒளிரும் அளவுக்குச் சூடேறிய தடம் ஒன்று விழும். அங்கே காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் கலந்திருந்தால், அந்தத் தடமே தீப்பற்ற வைத்துவிடும். துரப்பணத்தின் மோட்டாரைத் தீப்பொறி வெளியேறாத உறைக்குள் வைத்து, 125 வோல்ட்டுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்து, இத்தனை பாதுகாப்பும் செய்துவிட்டு, முனையை மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டுவது எந்த வகையிலும் நியாயமல்ல. முனைகளை எண்ணிக் கொடுத்து, தேய்ந்ததைத் திருப்பித் தராவிட்டால் புதியது இல்லை என்று கறாராக இருக்கும் கிடங்குகள், மழுங்கியதை உடனே மாற்றித் தருவதிலும் அதே கறாரைக் காட்ட வேண்டும்.

உங்கள் தந்தையின் சிகிச்சையைப் பொறுத்தவரை: நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோயான நிலக்கரித் தொழிலாளர் நிமோகோனியோசிஸ், சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் ஆகிய இரண்டும் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்கள். பணியில் இருந்த காலத்தில் எடுத்த மார்பு எக்ஸ்ரே படங்களின் பதிவுகளைக் கேட்டுப் பெறுங்கள். நெஞ்சக மருத்துவரிடம் செல்லும்போது, தந்தை எந்த ஆண்டுகளில், கரியிலா பாறையிலா, நீருடனா உலர்வாகவா துளையிட்டார் என்பதை எழுதிக் கொண்டு செல்லுங்கள். இழப்பீடு கோருவதற்கும் அந்த விவரங்களே அடிப்படை.

நெய்வேலியிலும் இந்த முனைகளைத்தான் பயன்படுத்துகிறார்களா?
— வாசகர், விருத்தாசலம்

கைத்துரப்பணத்துக்கு அங்கே இடமில்லை. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் பழுப்பு நிலக்கரியை எட்டியபோதே, மேலே கிடந்த கடலூர் மணற்கல் வாளிச்சக்கர இயந்திரங்களின் பற்களை வேகமாகத் தின்றுவிடுவது பெரும் சிக்கலாக இருந்தது. கடினமான அடுக்குகளைத் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வாளிகளால் அள்ள முடிகிறது. வாளியின் பற்களும் கழற்றி மாட்டக்கூடியவைதான்.

முற்றிலும் தேய்ந்த முனைகளைப் பழைய இரும்போடு போட்டுவிடலாமா?
— கிடங்குப் பொறுப்பாளர், ஸ்ரீராம்பூர்

வேண்டாம், தனியாகச் சேர்த்து வையுங்கள். உலகின் டங்ஸ்டனில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும், கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்தும் வருகின்றன. நம் நாட்டில் ராஜஸ்தானின் டேகானாவில் இருந்த டங்ஸ்டன் சுரங்கமும் 1990களில் மூடப்பட்டுவிட்டது. தேய்ந்த துண்டுகளை உருகிய துத்தநாகத்தில் இட்டால் அது கோபால்ட்டுக்குள் ஊடுருவிக் கட்டுமானத்தைத் தளர்த்தும். பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்துவிட்டால், மீண்டும் முனை செய்யத்தக்க தூள் கிடைக்கும். இதைச் செய்யும் நிறுவனங்கள் கார்பைடை எடைக்கு வாங்கிக்கொள்கின்றன, இரும்பைவிடப் பல மடங்கு விலைக்கு. எஃகு உடலிலிருந்து துண்டைப் பிரிக்கப் பற்றாசு உருகும் அளவுக்குச் சூடாக்கினால் போதும்; அந்தப் புகையில் கேட்மியம் இருக்கக்கூடும் என்பதால், திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யச் சொல்லுங்கள்.