இலங்கையில் தேசிய அரசாங்கம் அமைந்தால் அமைச்சர்களின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது?

அரசமைப்பிலேயே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள். 2015 மே மாதம் வந்த 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 பேர், அமைச்சரவையில் சேராத இராஜாங்க, பிரதி அமைச்சர்களுக்கு 40 பேர் என்று எல்லை கட்டியது. கூடவே ஒரு விலக்கு: அதிக ஆசனங்கள் பெற்ற கட்சி மற்றக் கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தால், எண்ணிக்கையைப் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம்.

அந்த ஓகஸ்ட் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி தரப்புக்குக் கிடைத்தது 106 ஆசனம். பெரும்பான்மைக்கு 113 வேண்டும். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். செப்டெம்பர் 3ஆம் திகதி, 48 அமைச்சர்கள், 45 இராஜாங்க, பிரதி அமைச்சர்கள் என்று தீர்மானம் நிறைவேறியது. 30 என்ற எல்லை வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். மலையகத் தமிழ்த் தலைவர்களான மனோ கணேசனும் திகாம்பரமும் அமைச்சரவையில் இடம்பெற்றபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். "48 பேர் இருந்தா என்னப்பா, நம்மாளுங்க ரெண்டு பேர் இருக்காங்களே" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

பிறகுதான் அமைச்சுகளைப் பிரித்த விதத்தைக் கவனித்தேன். உயர்கல்வியும் நெடுஞ்சாலைகளும் ஒரே அமைச்சு. மத்திய வங்கி நிதி அமைச்சின் கீழ் இல்லை, பிரதமரின் தேசிய கொள்கைகள், பொருளாதார அலுவல்கள் அமைச்சின் கீழ். 2017 மே மாதம் நிதி அமைச்சரும் வெளிவிவகார அமைச்சரும் பொறுப்பு மாறியபோது லொத்தர் சபைகளும் வெளிவிவகார அமைச்சுக்குப் போயின. வேலையைப் பார்த்து அமைச்சு அமைத்திருந்தால் இப்படி வந்திருக்காது. ஆளைப் பார்த்துத்தான் அமைத்தார்கள். எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

2018 ஒக்டோபர் 26இல் கூட்டு உடைந்தது. டிசம்பரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ரணில் மீண்டும் பிரதமராக வந்தபோது தேசிய அரசாங்கம் இல்லை, ஆகவே 30 என்ற எல்லைக்குள் நிற்க வேண்டியதாயிற்று. அந்த முப்பதுக்குள்ளும் திகாம்பரத்தின் மலைநாட்டு புதிய கிராமங்கள் அமைச்சு இருந்தது, மனோ கணேசனும் இருந்தார். அப்பா நினைத்ததுபோல எங்களுக்கான இடம் 48ஐ நம்பி இருக்கவில்லை.

2019 பெப்ரவரியில் மறுபடி முயன்றார்கள். ஐக்கிய தேசியக் கட்சியின் கூட்டாளியான முஸ்லிம் காங்கிரஸ் மட்டக்களப்பில் மட்டும் தனிச் சின்னத்தில் வென்ற ஒரே ஓர் உறுப்பினரைக் காட்டி, இன்னொரு கட்சி சேர்ந்துவிட்டது, இது தேசிய அரசாங்கம் என்று வாதம். எதிர்ப்புக் கிளம்பியது, பிரேரணை நிறைவேறவில்லை. ஆனால் அரசமைப்பின் வாசகத்தில் சேரும் கட்சிக்கு இத்தனை ஆசனமாவது வேண்டும் என்று எங்கும் இல்லை. திருத்த வேண்டிய இடம் அந்த ஒரு வரி.