பூனை வேண்டும் என்கிறது பிள்ளை, வேண்டாம் என்கிறீர்கள் நீங்கள்: கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர். பார்ப்பது பெரும்பாலும் பூனைகளைத்தான். பூனை கேட்டுப் பிள்ளைகள் நச்சரிக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில். பூனையின் உடம்பும் குணமும் என் துறை. பிள்ளை வளர்ப்பு என் துறை இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்கப் போவதில்லை. தொடங்கும் முன், யாரும் கேட்காத ஒன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம்.

கேள்வி (14 வயது மகளின் அப்பா): ஒரு வருஷமாகப் பூனை, பூனை என்று ஒரே பிடிவாதம். ஆசை கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், அப்புறம் எல்லாம் எங்கள் தலையில்தான் விழும் என்கிறேன். நான் கல்நெஞ்சக்காரன் என்கிறாள். நான் சொல்வது தப்பா?

பதில்: தப்பே இல்லை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 12 முதல் 18 வருஷம் இருக்கும், 20-ஐத் தொடுவதும் உண்டு. 14 வயதில் உங்கள் மகள் வாங்கும் பூனைக்கு 4 வயதாகும்போது அவள் படிக்க வெளியூர் போயிருப்பாள். அது கிழடாகி, சிறுநீரகம் கெட்டு, மருந்தும் தனிச் சாப்பாடுமாக நிற்கும்போது அவளுக்கு முப்பதை நெருங்கும். அந்தப் பூனை விடுதிக்கும் போகாது, வேலைக்குப் போகும் ஊருக்கும் பெரும்பாலும் போகாது. என்னிடம் வரும் எத்தனையோ பூனைகளின் சிகிச்சை அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பது அம்மா.

அதனால் என் கணக்கு இது: பூனை கேட்பது யாராக இருந்தாலும் அது பெரியவர்களின் பூனைதான். பெரியவர்களுக்கு மனமில்லை என்றால் வேண்டாம். அந்த ஒரு காரணமே போதும், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். "தினமும் லிட்டர் பாக்ஸ் (பூனை மலம் கழிக்கும் மணல் பெட்டி) அள்ள எனக்கு இஷ்டமில்லை", "நாம் அடிக்கடி ஊருக்குப் போகிறோம்", "மருத்துவச் செலவுக்கு இப்போது வழியில்லை". இதையெல்லாம் பிள்ளை ஏற்காவிட்டாலும் மறுக்க முடியாது. முடி வயிற்றுக்குள் போய்க் கட்டி வரும், பூனை மூச்சை இழுத்துவிடும் என்று கதை விட்டால் அன்று சாயங்காலமே போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து நிற்பாள். அப்புறம் நீங்கள் சொல்லும் நிஜக் காரணத்தையும் நம்ப மாட்டாள்.

கேள்வி: பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்கிறார்களே டாக்டர்?

பதில்: மனிதர் வயிற்றுக்குள் போகும் ஒன்றிரண்டு பூனை முடி மலத்தோடு போய்விடும். முடி உருண்டை பூனையின் பிரச்சினை. தன்னையே நக்கிக்கொண்டு முடியை விழுங்குவது அதுதான்.

கேள்வி: மகனுக்குத் தும்மல், கண் அரிப்பு உண்டு. முடி கொட்டாத ஜாதிப் பூனை வாங்கினால் பரவாயில்லையா?

பதில்: ஒவ்வாமை முடியால் வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஃபெல் டி 1 என்று ஒரு புரதம் இருக்கிறது. பூனை தன்னை நக்கும்போது அது உடம்பெங்கும் படிந்து, காய்ந்து, தூசியோடு பறக்கும். முடியே இல்லாத பூனைக்கும் எச்சில் உண்டு. சில பூனைகளில் இந்தப் புரதம் குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வாமையே தராத பூனை என்று எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் பூனை இருக்கும் தெரிந்தவர் வீட்டில் மகனை நாலைந்து தடவை உட்கார வைத்துப் பாருங்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் பரிசோதனையும் செய்யலாம். ஆஸ்துமா இருந்தால் உங்கள் மறுப்பில் உறுதியாக நில்லுங்கள். பூனையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இந்தப் புரதம் சோபாவிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் தங்கும்.

கேள்வி: நான் இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கிறேன். பெரியவள் பூனை கேட்கிறாள். பூனை இருந்தால் கரு கலையும் என்று மாமியார் பயப்படுகிறார். உண்மையா?

பதில்: மாமியார் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். அது தன் முட்டைகளை வெளியேற்றுவது பூனையின் மலம் வழியாகத்தான்.

ஆனால் மீதியையும் கேளுங்கள். பூனை அந்த முட்டைகளை ஆயுள் முழுக்க வெளியேற்றுவதில்லை. பெரும்பாலும் அதற்கு முதல்முறை தொற்றும்போது, ஓரிரு வாரம் மட்டும். வெளியே வந்த முட்டையும் உடனே தொற்றாது, அதற்கு 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே லிட்டர் பாக்ஸைத் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அள்ளுவது நீங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எலி பிடிக்காத, பச்சை இறைச்சி தின்னாத வீட்டுப் பூனைக்கு இது தொற்றும் வாய்ப்பும் குறைவு. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, கையுறை இல்லாமல் கிளறும் தோட்டத்து மண் ஆகியவற்றில்தான் அதிக கவனம் வேண்டும். ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இது ஒருபுறம் இருக்க, கைக்குழந்தையும் பூனைக்குட்டியும் ஒரே வருஷத்தில் எதற்கு? பெரியவளை ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பூனை என்று மகனிடம் சொல்லியிருக்கிறோம். இப்போது நன்றாகப் படிக்கிறான். நல்ல யோசனைதானே?

பதில்: இல்லை. வந்துவிட்டால், உங்களுக்கே பிடிக்காத பூனையை 15 வருஷம் வைத்திருக்கக் கடமைப்படுகிறீர்கள். அடுத்த தேர்வில் சறுக்கினால் என்ன செய்வீர்கள், பிடுங்கிக் கொடுத்துவிடுவீர்களா?

*(இதற்கு மறுப்புகள் குவிந்துவிட்டன. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)*

ஒரு அப்பா: சைக்கிளும் இப்படித்தான் வாங்கிக் கொடுத்தோம், போனும் இப்படித்தான். உழைத்துப் பெற்றால்தான் அருமை தெரியும். பூனைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பதில்: சைக்கிள் அலுத்துப்போனால் சுவரில் சாய்த்து வைக்கலாம். வீடு மாற்றப்பட்ட பூனைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, கண்மணி விரிய உட்கார்ந்திருக்கும். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். பூனை, அதிலும் குண்டான பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும்.

ஒரு அம்மா: நானும் மார்க்குக்குத்தான் வாங்கிக் கொடுத்தேன் டாக்டர். இன்றைக்கு அதுதான் எங்கள் வீட்டு ராஜா. நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: சந்தோஷம். ராஜாவுக்குச் சாப்பாடு வைப்பது யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அதே அம்மா: நான்தான்.

பதில்: நன்றி.

16 வயது: நான் மார்க் எடுத்தேன். அப்பா அப்புறம் மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அவர் எது சொன்னாலும் எனக்குக் காதில் ஏறுவதில்லை.

பதில்: இதை என்னை விட நீ நன்றாகச் சொல்லிவிட்டாய். உன் அப்பா பூனை வாங்காதது சரியாக இருக்கலாம், வாக்குக் கொடுத்தது தவறு.

தேர்வுக் கேள்வியைக் கேட்டவர்: சரி டாக்டர், மகனிடம் சொன்னது சொல்லியாச்சு. இப்போது என்ன செய்ய?

பதில்: தேர்வு முடிவு வரும் வரை இழுக்காமல் இன்றே உட்கார வைத்துப் பேசுங்கள். பூனைக்கும் மார்க்குக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டோம் என்று சொல்லுங்கள். பூனை வேண்டுமா என்று நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடிவெடுங்கள். மனம் இருந்தால் அவன் கடைசி இடத்தில் வந்தாலும் வாங்கலாம், இல்லையென்றால் முதல் இடத்தில் வந்தாலும் வேண்டாம். கோபப்படுவான். ரிசல்ட் கையோடு நிற்கும்போது சொல்வதை விட இது மேல். இந்தப் பேச்சு இதோடு போதும், இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பூனை முடி வயிற்றில் போனால்...

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி (15 வயது): அம்மாவைச் சம்மதிக்க வைக்க என்ன செய்யலாம்?

பதில்: அம்மாவுக்குப் பூனைப் படங்களை அனுப்புவதை முதலில் நிறுத்து. தெரிந்தவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் பூனையை நீ பார்த்துக்கொள். காலை, மாலை சாப்பாடு, தண்ணீர் மாற்றுவது, லிட்டர் பாக்ஸ் அள்ளுவது, எல்லாம் யாரும் ஞாபகப்படுத்தாமல். விலங்குக் காப்பகங்கள் சில, குட்டிகளைச் சில வாரம் வளர்த்துத் தரச் சொல்லிக் கொடுக்கும். அம்மா ஒப்புக்கொண்டால் அதுவும் நல்ல வழி. இத்தனைக்குப் பிறகும் அம்மா மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடு. வேண்டாதவர் இருக்கும் வீட்டில் பூனைக்கும் சுகமில்லை.

கேள்வி (13 வயது): அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் ஒரு குட்டி வைத்திருக்கிறேன். பால் கொடுக்கிறேன். லேசாகக் கையைக் கீறியது. சொல்ல வேண்டுமா?

பதில்: இப்போதே சொல். இதைப் படித்து முடித்துவிட்டு இல்லை, இப்போதே. கீறலைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு. அப்புறம் அம்மாவோடு மனிதர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போ, என்னிடம் இல்லை. ரேபிஸ் ஊசி தேவையா என்று அவர் முடிவு செய்வார். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸைக் குணப்படுத்த வழியில்லை என்பதால்தான் இவ்வளவு அவசரம். திட்டு விழும், வாங்கிக்கொள்.

மாட்டுப்பால் வேண்டாம், குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். அம்மா அப்பாவுக்கு: பிள்ளையைத் திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குட்டியை ஒரு பெட்டியில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வெறுங்கையால் தூக்க வேண்டாம், கனமான துண்டால் சுற்றித் தூக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் சைவம் மட்டும்தான். பூனையும் சைவமாகவே வளரலாம் என்கிறாள் மகள்.

பதில்: வளராது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சியில் இருந்து கிடைத்தாக வேண்டும். குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். வீட்டுக்குள் இறைச்சியோ, அதில் செய்த பூனை உணவோ வரக் கூடாது என்றால் பூனையும் வர வேண்டாம். முயல் நல்ல பிராணி.

கேள்வி: நாய்க்குட்டி வாங்கலாமா?

பதில்: நாய் பார்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: பூனைக்கு ஜலதோஷம் வந்தால் நம் மாத்திரையில் பாதி...

பதில்: பாராசிட்டமால் கூடாது. கால் கூடாது, பாதி கூடாது, சிரப்பும் கூடாது. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள், அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பூனைக்கு விஷம்.

கேள்வி: நகத்தை எடுத்துவிட்டால் சோபா தப்புமே? அதற்கு மட்டும் உறுதி கிடைத்தால் சம்மதிப்பேன்.

பதில்: அது நகம் வெட்டுவது இல்லை, ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. பல நாடுகளில் தடை. நான் செய்வதில்லை. சோபா முக்கியம் என்றால் மறுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஒரு வருஷம் பிடிவாதமாக மறுத்தேன். அவளே ஒரு மாதம் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டாள். அதன் மேல் எனக்கும் ஒரு மனது வந்துவிட்டது. சரி என்றுவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், 12 வாரம் ஆனால் இன்னும் நல்லது. முதல் நாள் ஒரே ஒரு அறை போதும். ஒரு பக்கம் சாப்பாடு, எதிர்ப்பக்கம் லிட்டர் பாக்ஸ், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள், தானாக வரும். தடுப்பூசி அட்டவணையை முதல் வாரமே மருத்துவரிடம் வாங்குங்கள். கருத்தடை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 4 மாதப் பெண் பூனைகூடச் சினைப்படும். ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள், வீட்டில் லில்லிப் பூ வைக்காதீர்கள், அதன் மகரந்தம்கூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தையல் நூலையும் ரிப்பனையும் பெட்டிக்குள் பூட்டுங்கள். பூனை நூலை விழுங்கினால் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போய் அதைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.