கேளுங்க, சொல்றேன்: சாமியும் சட்டமும்

கேள்வி: சார், மதச்சார்பற்ற நாடுன்னு சொல்லிக்கிறோம், அப்புறம் எதுக்கு அரசியல் சட்டத்துல மத உரிமைன்னு ஒன்னு? முன்னுக்குப் பின் முரணா இல்ல?

பதில்: மதம் கிடையாதுங்கிறது அரசாங்கத்துக்குங்க, உங்களுக்கும் எனக்கும் இல்ல. 'மதச்சார்பற்ற'ங்கிற வார்த்தை முகப்புரைக்குள்ள வந்ததே 1976ல 42வது திருத்தத்துலதான், மத உரிமை தர்ற 25வது பிரிவு 1950லேர்ந்தே இருக்கு. அதுல முதல்ல வர்றது மனசாட்சி, அப்புறம்தான் மதத்தை ஏத்துக்க, கடைப்பிடிக்க, பரப்ப உரிமைன்னு வருது, அதனால சாமியே இல்லைங்கிறவருக்கும் அதுல இடம் உண்டு.

கேள்வி: ஸ்கூல்ல எல்லாரும் தேசிய கீதம் பாடும்போது, என் மதம் ஒத்துக்காதுன்னு ஒருத்தர் வாயைத் திறக்காம நின்னா சும்மா விடலாமா?

பதில்: விட்டிருக்காங்க, அதுவும் சுப்ரீம் கோர்ட். 1985ல கேரளால ஒரே வீட்டுப் பிள்ளைங்க மூணு பேர், யெகோவாவின் சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவங்க. கீதம் ஆரம்பிச்சா மரியாதையா நிப்பாங்க, ஆனா பாட மாட்டாங்க. ரொம்ப நாளா யாரும் கண்டுக்கல, ஒரு எம்எல்ஏ கண்ணுல பட்டு, சட்டசபைல கேள்வி கேட்டு, கமிஷனும் போட்டு, அந்த கமிஷனே பிள்ளைங்க ஒழுங்கானவங்க, அவமரியாதை ஒன்னும் பண்ணலன்னு சொல்லியும் ஸ்கூலைவிட்டு அனுப்பிட்டாங்க. ஹைகோர்ட்டும் கைவிரிச்சிடுச்சு. 1986 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, ஒழுங்கா எழுந்து நின்னாலே மரியாதைதான், திரும்பச் சேர்த்துக்கோங்கன்னு சொல்லிடுச்சு. (எங்க கிளாஸ்ல பாதிப் பேர் வாயை மட்டும் அசைச்ச கேஸு, எங்களை யாரும் கேக்கல!) மத்தவங்க பாடுறப்ப கலாட்டா பண்ணியிருந்தா கதையே வேற.

கேள்வி: எங்க தெருவுல வழிபாட்டுத் தலத்துல விடியக்காலை 4 மணிக்கே ஸ்பீக்கர். கேட்டா 'எங்க மத உரிமை'ங்கிறாங்க. என்ன பண்றது சார்?

பதில்: அந்த 25வது பிரிவு ஆரம்பிக்கிறதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கெல்லாம் கட்டுப்பட்டுத்தான்னு. சென்னைல ஒரு சர்ச் சத்தம் தாங்காம பக்கத்து காலனிக்காரங்க கோர்ட்டுக்குப் போய், 2000ல அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்துச்சு, மைக் வச்சு அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்துத்தான் கும்பிடணும்னு எந்த மதமும் சொல்லலைன்னுட்டாங்க. எந்த மதமா இருந்தாலும் அதே கணக்குதான். ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் வைக்கக் கூடாது, திருவிழா மாதிரி நாளுக்கு மாநில அரசு ராத்திரி 12 வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல கிடையாது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. எழுதும்போது எந்த மதம்னு ஒரு வரி கூட வேணாம், எத்தனை மணிக்கு, எத்தனை நாளா, அது மட்டும் போதும்.