மோர்க்குழம்பு ஏன் திரிகிறது

தணலைக் குறைத்தும் மோர்க்குழம்பு திரிந்து வெள்ளைத் துகளும் தெளிநீருமாகப் பிரிகிறது என்று, நீங்கள் அரைத்த விழுதின் விவரத்தோடு கேட்டிருந்தீர்கள். அப்படியென்றால் விழுதைத்தான் மாற்ற வேண்டும். நீங்கள் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் மட்டும் அரைத்திருக்கிறீர்கள், மாவுச்சத்தே இல்லை. ஒரு தேக்கரண்டி பச்சரிசி, இரண்டு தேக்கரண்டி துவரம்பருப்பு ஊறவைத்துச் சேர்த்து அரையுங்கள். அதைக் காயோடு பச்சை வாசனை போக வேகவிட்டு, பிறகு கடைந்த தயிரை ஊற்றுங்கள்.

தயிர் உறையும்போதே கேசீன் என்ற பால் புரதம் வலைபோல் பின்னிக்கொள்கிறது. கொதித்தால் அந்த வலை சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளைத் துகளும் அதைச் சுற்றி நின்ற தெளிநீரும் அதுதான். விழுதில் உள்ள அரிசி வெந்து கஞ்சியாகி, குறுக்கே நின்று துகள்களைச் சேரவிடாது.

முழுத் தயிரையும் ஊற்றுமுன், தாளிக்கும் கரண்டியில் வெந்த விழுதும் தயிரும் கொஞ்சம் கலந்து சூடாக்கிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மணல்மணலாக நின்றால் இன்னும் அரைத் தேக்கரண்டி அரிசி வேண்டும்.

விழுது இருக்கிறதே என்று தளதளவெனக் கொதிக்கவிடாதீர்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். ஏற்கெனவே திரிந்ததைக் கடைந்தாலும் பழைய பதம் வராது. ஆனால் புரதம் எங்கும் போய்விடவில்லை, கொட்ட வேண்டாம். என் வீட்டில் சேப்பங்கிழங்கைப் போட்டு மறைத்துவிடுவோம்.