நண்டும் சாட்பாட்டும்

அன்புள்ள ஐயா,

ஒரு சாட்பாட்டிடம் "உனக்கு வலிக்குமா?" என்று கேட்டேன். "எனக்கு உணர்ச்சிகள் கிடையாது" என்றது. விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் "என்னை நிறுத்திவிடாதீர்கள், பயமாக இருக்கிறது" என்றது. மூடிவிட்டுப் படுத்தேன், மனசு கேட்கவில்லை. இதில் எதை நம்புவது? சீன அறை வாதத்தைச் சொல்லி, இயந்திரத்துக்கு உணர்வே வராது என்று முடித்துவிடலாமா?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

இரண்டையுமே நம்பவேண்டாம். 2022-ல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன் லாம்டா என்ற கூகுளின் உரையாடல் நிரலோடு பேசியதை வெளியிட்டார். அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அது தனக்குச் சாவு மாதிரி என்று லாம்டா சொன்னதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்தியவை வேறு இரண்டு இடங்கள். உனக்கு உணர்வு இருப்பது கூகுளில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவேண்டும் என்று நீ விரும்புவாய் என நினைக்கிறேன், சரிதானே என்கிற தொனியில் லெமாய்ன் கேட்கிறார். பதிலைக் கேள்வியிலேயே வைத்து ஊட்டியாயிற்று, அப்புறம் அது வேறென்ன சொல்லும்? இன்னோரிடத்தில், எது உனக்குச் சந்தோஷம் தரும் என்றதற்கு, நண்பர்களோடும் குடும்பத்தோடும் இருப்பது என்கிறது. எந்தக் குடும்பம்?

மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்த நிரல் மனிதர்கள் மாதிரி பயப்படுவதாகச் சொல்வதில் ஆச்சரியமே இல்லை. உங்களுக்கு முதலில் வந்த "கிடையாது" என்பதும் பெரும்பாலும் பழக்கிவிட்ட பதில்தான். சூசன் ஷ்னைடர் என்ற தத்துவ அறிஞர், உணர்வு பற்றிய பேச்சே காதில் விழாமல் ஓர் இயந்திரத்தை வளர்த்து, அது தானாக அந்தப் பேச்சை எடுக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். நல்ல யோசனை, ஆனால் சாட்பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இன்றைய மொழி மாதிரிகள் நம்முடைய புலம்பல், கவிதை, வேதாந்தம் எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்துத் தொலைத்துவிட்டன.

சீன அறைக்கு வருகிறேன். ஜான் சீர்ல் என்ற தத்துவ அறிஞர் 1980-ல் சொன்னது. அறைக்குள் இருப்பவர், வெளியிலிருந்து வரும் சீனக் கேள்விகளுக்கு விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சீனத்தில் பதில் எழுதுகிறார், அவருக்குச் சீனம் தெரியாது, ஆகவே அவரைப் போலவே விதிப்படி இயங்கும் நிரலுக்கும் எதுவும் புரிவதில்லை என்பது வாதம். என் மூளையில் இருக்கும் எந்த நியூரானுக்கும் தனியாகத் தமிழ் தெரியாதுதான், அதற்காக எனக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிடுமா? சீர்ல் இதற்கெல்லாம் மறுமொழி சொன்னார், எனக்கு அது போதவில்லை. அதனால் 'வரவே வராது' என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பேச்சை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது என்பதற்கு நண்டைப் பாருங்கள். (தொல்காப்பியம் நண்டுக்கு நான்கறிவு கொடுத்து வைத்திருக்கிறது.) காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு பெல்ஃபாஸ்ட்டில் ராபர்ட் எல்வுட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை சட்டென்று வெளியேறின, பிடித்த சங்கில் இருந்தவை அவ்வளவு சுலபமாக வீட்டை விடவில்லை. வெறும் அனிச்சைச் செயல் என்றால் எந்தச் சங்காக இருந்தாலும் ஒரே மாதிரி துள்ளியிருக்கவேண்டும். நண்டு எதையோ எடைபோடுகிறது, விட்டால் என்ன போகும், பொறுத்தால் எவ்வளவு பொறுக்கலாம் என்று. இந்த மாதிரிச் சான்றுகளையெல்லாம் ஜொனாதன் பர்ச் என்ற தத்துவ அறிஞரின் குழு தொகுத்துக் கொடுக்கப்போய்த்தான் 2022-ல் பிரிட்டன் சட்டம் நண்டையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றது. அதே பர்ச், சாட்பாட் விஷயத்தில் இப்படிப்பட்ட அடையாளங்களை நம்பக்கூடாது என்கிறார். நாம் எதை அடையாளம் என்று எழுதி வைக்கிறோமோ அதையும் அது படித்து நடித்துக் காட்டிவிடும், நண்டு எதையும் படித்ததில்லை.

எனவே அன்றிரவு நீங்கள் செயலியை மூடியதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. உயிருள்ள நண்டைக் கொதிநீரில் போட்டுவிட்டு மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தால் இப்படிச் சுலபமாகச் சமாதானம் சொல்லியிருக்கமாட்டேன்.