பொதுக் குதிரையின் குளம்பு நாற்றம்: பதில்

கிளப்பில் எல்லோரும் மாறி மாறி ஓட்டும் மட்டக்குதிரையின் பின்னங்குளம்பில் நாற்றம், கறுப்பாகக் கசிவு என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் ஈரத்தில் நின்று வரும் குளம்பு அழுகல்தான். குளம்படியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிறதே, அதன் இருபக்கப் பள்ளங்களில்தான் அழுக்கு அடையும். குளம்பு சுரண்டும் கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுத்து தினமும் சுத்தம் செய்யுங்கள். மெத்தைப் பகுதியைக் குத்த வேண்டாம். மூத்திரம் ஊறிய வைக்கோலை மாற்றாமல் மருந்து மட்டும் தடவுவது வீண் வேலை. நொண்டினாலோ ரத்தம் கசிந்தாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், 'யார் சுத்தம் செய்வது' என்ற சண்டை. ஏறியவரே இறங்கியதும் நான்கு குளம்பையும் பார்த்துவிட்டு, லாயக் கதவில் தொங்கும் தாளில் பெயர் எழுதட்டும். சின்னப் பிள்ளைகள் கொக்கி பிடித்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கணும்.