ஆறு நீலத் தகடு மாதிரி வந்தால்

நீலத்தைக் குறையுங்கள், தண்ணீரை வானத்தைவிட ஒரு படி இருட்டாக்குங்கள். இக்கால ரஷ்ய ஓவியர் ஒருவரின் கோடைக்கால ஓகா ஆற்றுக் காட்சியைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன், ஆறு மட்டும் தகடாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அநேகமாக வானத்துக்குக் கலந்த வண்ணத்தையே ஆற்றுக்கும் பூசியிருப்பீர்கள். நானும் இப்படி இரண்டு கித்தான்களைப் பாழாக்கியிருக்கிறேன். தூரத்து நீர்தான் வானத்தை நன்றாகக் காட்டும். காலடியில் இருக்கும் நீரை ஏறக்குறைய நேர் கீழாகப் பார்க்கிறோம். அங்கே வானம் மங்கி, அடியிலுள்ள பழுப்பும் பச்சையும் மேலே வரும். அப்புறம் அந்தக் கரையோர பிர்ச் மரம்: அதன் வெள்ளைத் தண்டு தண்ணீரில் வெள்ளையாக இருக்காது, லேசாக அழுக்கேறிய சாம்பல். கரும்பச்சை இலைத்திரளோ நிஜத்தைவிடச் சற்று வெளுத்துத் தெரியும்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது வானம், எது ஆறு என்று தடுமாறினால் கோளாறு நிறத்தில் இல்லை, தொனியில், அதாவது வெளிச்சம்-இருட்டின் அளவில். அதே ஓகா கரையில் டருசா என்ற ஊரில் வரைந்த ரஷ்ய ஓவியர் நிகோலாய் கிரிமோவ் (1884–1958) மாணவர்களிடம் வலியுறுத்தியதும் தொனியைத்தான்.

ஒன்று, இதெல்லாம் அசையாத நீருக்கு. காற்றில் சிலிர்த்த ஆறு என்றால் பிரதிபலிப்பே உடைந்துபோகும். அங்கே இந்தக் கணக்கு உதவாது.